அலுவலர் வயலுக்கு வர, அலுவலகம் மாற வேண்டும்

"வேளாண்மை அலுவலகத்துக்காரர் எங்கள் ஊருக்கு வந்து எத்தனையோ மாதம் ஆகிறது." எந்த மாவட்டத்துக்குப் போனாலும் இந்தக் குறை காதில் விழுகிறது. உதவி வேளாண்மை அலுவலர்களிடம் கேட்டால் வேறு குறை சொல்கிறார்கள்: "வயலுக்குப் போக எங்களுக்கு நேரம் எங்கே விடுகிறார்கள்?" இரண்டும் பொய்யல்ல. இரண்டு குறைகளும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. அந்த இடம் வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் உள்ள அலுவலகம். அதை நடத்துகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பது.

ஊர் ஊராகப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு வட்டாரத்தில் சுறுசுறுப்பாக இருந்த அலுவலர், மாறுதலாகி அடுத்த வட்டாரத்துக்குப் போனதும் கோப்போடு ஒடுங்கிவிடுகிறார். ஒன்றுக்கும் ஆகாதவர் என்று பெயர் வாங்கியவர், புதிய உதவி இயக்குநர் வந்த ஆறே மாதத்தில் தினமும் வரப்பில் நிற்கிறார். ஆள் அதே ஆள். படிப்பும் சம்பளமும் அதேதான். மாறியது மேலே இருக்கும் தலைமையும் அந்த அலுவலகத்தின் பழக்கவழக்கமும். "அரசு ஊழியர் என்றாலே இப்படித்தான்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால், மாற்றக்கூடிய ஒன்றை மாறாத விதி போல ஏற்றுக்கொண்டவர்கள் ஆகிறோம்.

யார் சொல் கேட்டு மருந்து அடிக்கிறோம்?

இதில் உழவருக்கு என்ன நட்டம் என்று பார்ப்போம். தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2003-ஆம் ஆண்டு நாடு முழுவதும் உழவர் குடும்பங்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. புதிய தொழில்நுட்பம் பற்றி ஏதாவது ஒரு வழியில் தகவல் பெற்றவை 100 குடும்பங்களில் சுமார் 40 மட்டுமே. முன்னோடி விவசாயியிடம் கேட்டவர்கள் சுமார் 17 பேர். விதை, உரம், மருந்து விற்பவரிடம் கேட்டவர்கள் 13 பேர். அரசின் விரிவாக்கப் பணியாளர் மூலம் பெற்றவர்கள் 6 பேருக்கும் குறைவு. அதற்குப் பிறகு கைபேசியும் காணொளியும் வந்துவிட்டன. ஆனாலும் பயிரில் பூச்சி கண்டவுடன் உழவர் முதலில் போய் நிற்பது இன்றும் பெரும்பாலும் மருந்துக் கடையில்தான்.

புகையான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே அது கூடும்போதே யாராவது பார்த்துச் சொன்னால், தண்ணீரை வடிப்பது, தழைச்சத்து மேலுரத்தை நிறுத்துவது என்ற அளவில் பல வயல்கள் தப்பித்துவிடும். நடவின்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. யாரும் சொல்லாவிட்டால் உழவர் கடைக்குப் போவார். கடையில் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்து கைக்கு வரலாம். அது புகையானைத் தின்னும் சிலந்திகளையும் வண்டுகளையும் கொன்று, புகையானை முன்பைவிடப் பெருக வைக்கும். வயல் வட்ட வட்டமாகக் கருகும். ஒருவர் பத்து நாள் முன்னதாக ஊருக்கு வந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு இது. அலுவலகப் பழக்கம் என்பது ஊழியர்களின் உள்விவகாரம் அல்ல என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. அது உழவரின் சாகுபடிச் செலவில் சேர்கிற ஒரு கணக்கு.

கேட்பதுதான் நடக்கும்

ஒரு உதவி வேளாண்மை அலுவலரின் பொறுப்பில் பல ஊர்கள் இருக்கின்றன. பக்கத்துப் பணியிடம் காலியாக இருந்தால் அந்த ஊர்களும் அவர் தலையில் விழும். விதை, நுண்ணூட்டக் கலவை, உயிர் உரம் விநியோகம், மானியத் திட்டங்களுக்குப் பயனாளிகளைச் சேர்ப்பது, பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனை, வெள்ளம் வந்தால் சேதக் கணக்கு, உழவர்களின் அடையாள எண் பதிவு, செயலிகளில் படம் ஏற்றுவது, வாட்ஸ்அப் குழுவில் வரும் "உடனடி" கேள்விகளுக்குப் பதில் என்று வேலை நீள்கிறது. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் தேவையான வேலைதான். எல்லாம் சேர்ந்தபோது, எந்த வேலைக்காக இந்தப் பதவி உருவானதோ அந்த வேலைக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

ஆய்வுக் கூட்டங்களில் நடப்பதைப் பாருங்கள். "இலக்கு எவ்வளவு, சாதனை எவ்வளவு, ஏன் குறைவு?" என்ற மூன்று கேள்விகளிலேயே பெரும்பாலும் கூட்டம் முடிந்துவிடுகிறது. "இந்த வாரம் எந்த ஊரில் என்ன பூச்சி பார்த்தீர்கள்? உழவர் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாமல் போனது எது?" என்று கேட்கும் மேலதிகாரிகள் குறைவு. மனிதன் எதற்குக் கணக்குக் கேட்கிறார்களோ அதைத்தான் செய்வான். விதைப்பை எண்ணிக்கைக்குக் கணக்குக் கேட்டால் விதைப்பை போய்ச் சேரும். அந்த விதை முளைத்ததா, உழவர் அடுத்த பருவமும் அதே ரகத்தை விரும்புகிறாரா என்று யாரும் கேட்காவிட்டால், அது யாருக்கும் தெரியாது.

செயல்விளக்கத் திடலில் பலகை நட்டுப் படம் எடுத்து அனுப்பினால் ஒரு வேலை முடிந்ததாகிறது. அந்தத் திடலில் பயிர் சரியாக வரவில்லை என்று எழுதி அனுப்பினால் விளக்கம் கேட்டு மெமோ வரும் என்ற பயம் இருக்கிறது. 17 (பி) என்ற சொல்லுக்கு நடுங்காத ஊழியர் இல்லை. தோல்வியைச் சொன்னவர் மாட்டிக்கொள்வார், மறைத்தவர் தப்பித்துக்கொள்வார் என்று ஓர் அலுவலகத்தில் நிலைத்துவிட்டால், அங்கிருந்து மேலே போகும் தாள்கள் எல்லாம் பச்சையாகவே இருக்கும். வயல் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும்.

முன்பு ஒரு முறை இருந்தது

நம் மூத்த உழவர்களுக்குப் பயிற்சி – பார்வையிடல் திட்டம் நினைவிருக்கும். இஸ்ரேலைச் சேர்ந்த டேனியல் பெனோர் வகுத்த முறை அது. உலக வங்கியின் கடனுதவியோடு 1970களில் இந்தியாவுக்கும், 1980களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதன் ஏற்பாடு எளிமையானது. களப்பணியாளருக்குக் குறித்த இடைவெளியில் பயிற்சி. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, குறித்த கிழமையில், குறித்த ஊருக்கு வருகை. ஒவ்வோர் ஊரிலும் தொடர்பு விவசாயிகள். "வியாழக்கிழமை வருவார்" என்று ஊருக்கே தெரியும். வராவிட்டால் அதுவும் ஊருக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, களப்பணியாளருக்கு விரிவாக்கம் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி.

குறைகளும் இருந்தன. எல்லா ஊருக்கும் ஒரே செய்தி மேலிருந்து இறங்கியது. மானாவாரி நிலத்துக்காரருக்கும் பாசன நிலத்துக்காரருக்கும் ஒரே பாடம். உழவர் சொல்வது மேலே ஏற வழி இல்லை. தொடர்பு விவசாயி என்று பெரும்பாலும் வசதியானவர்களே தேர்வானார்கள். கடனுதவி முடிந்ததும் பணம் சம்பளத்துக்கே சரியாயிற்று. பயணப்படியும் பயிற்சியும் சுருங்கின. முறை தளர்ந்தது.

அது போனபோது அதன் குறைகளோடு நல்ல பழக்கமும் சேர்ந்து போயிற்று. குறித்த நாள், குறித்த ஊர், உழவருக்குத் தெரிந்த பெயர், வேறு வேலையால் கலையாத நேரம் ஆகிய நான்கும் ஒரு பணியாளரை உழவர் முன் பொறுப்பாளி ஆக்கின. இன்றைய செயலி அவரை மேலதிகாரி முன் மட்டுமே பொறுப்பாளி ஆக்குகிறது. கைபேசியில் இருக்குமிடம் பதிவாவதும் உழவரின் கேள்விக்குப் பதில் கிடைப்பதும் ஒன்றல்ல.

தலைமை என்றால் பழி ஏற்பது

தலைமை ஒரு துறையை எப்படி மாற்றும் என்பதற்கு நம் மண்ணிலிருந்தே சான்று உண்டு. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம் 1964-இல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சரானார். நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம். இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் குழுவின் உச்சியில் அதுவரை விஞ்ஞானி அல்லாத நிர்வாகிகளே இருந்தார்கள். 1965-இல் அதைத் திருத்தி அமைத்து, பி.பி.பால் என்ற பயிர் விஞ்ஞானியைத் தலைமை இயக்குநராக்கினார். வேலை தெரிந்தவர் கையில் முடிவு எடுக்கும் அதிகாரம் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் கேட்டபடி உழவர் நிலங்களிலேயே செயல்விளக்கங்கள் நடந்தன. டெல்லியில் தன் அரசு வீட்டுப் புல்வெளியிலேயே குட்டைக் கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார் அமைச்சர்.

1966-இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி செய்யும் முடிவுக்கு எதிர்ப்பு பலமாக இருந்தது. அந்நியச் செலாவணி வீண் என்றார்கள். புதிய நோய் வரும் என்றார்கள். விஞ்ஞானிகளையோ களப்பணியாளர்களையோ முன்னே தள்ளாமல், அந்த முடிவின் பழியைத் தன் தலையில் ஏற்க அமைச்சர் முன்வந்தார். 1964-65-இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. அந்த அறுவடை வந்தபோது அவர் அமைச்சராக இல்லை. 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் தோற்றிருந்தார். பசுமைப் புரட்சியின் பின்விளைவுகள் பற்றி இந்தப் பக்கத்திலும் விவாதங்கள் உண்டு, அது வேறு. மேலே இருப்பவர் பழியை ஏற்கத் தயாராக இருந்தால்தான் கீழே இருப்பவர் துணிந்து வேலை செய்வார் என்ற பாடம் அதனால் குறையவில்லை.

மாவுப்பூச்சி சொல்லும் பாடம்

சமீபத்திய சான்றும் உண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவியது. எத்தனை முறை மருந்தடித்தும் மெழுகுப் பூச்சுக்குள் இருந்த பூச்சி சாகவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூரில் உள்ள மத்திய நிறுவனம் வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதைப் பெருக்கி வயல்களில் விட்டன. மருந்தால் முடியாததை ஒட்டுண்ணி சில மாதங்களில் முடித்தது.

இதில் ஒட்டுண்ணியின் வேலை பாதி; நிறுவனங்களின் பழக்கம் மீதி. "எங்கள் மருந்து வேலை செய்யவில்லை" என்ற கெட்ட செய்தி கீழிருந்து மேலே போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டவர்கள் சொன்னவரைக் குறை சொல்லாமல் தீர்வைத் தேடினார்கள். தனித்தனி நிறுவனங்கள் பெயருக்குப் போட்டி போடாமல் ஒட்டுண்ணியைப் பகிர்ந்துகொண்டன. 2018-இல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தது போல நாளையும் ஏதோ ஒன்று வரும். அன்று முதலில் பார்க்கப்போவது வரப்பில் நிற்கும் உழவரும் உதவி வேளாண்மை அலுவலரும்தான். அவர்கள் வாய் திறந்து சொல்லும் பழக்கம் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

பிரேசிலின் வறட்சிப் பகுதியில்

பிரேசிலின் வடகிழக்கில் சியரா என்று ஒரு மாநிலம். நம் இராமநாதபுரம் போல அடிக்கடி வறட்சி காண்பது. அரசு ஊழியர் என்றால் சிபாரிசில் வேலைக்கு வந்து சும்மா இருப்பவர் என்ற பெயர் அங்கேயும் உண்டு. 1987-இல் வந்த மாநில அரசு, ஆயிரக்கணக்கான கிராமச் சுகாதாரப் பணியாளர்களை நியமித்தது. பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள், குறைந்தபட்சக் கூலிதான். தேர்வை ஊரறிய நடத்தினார்கள். உள்ளூர் அரசியல்வாதிகளின் சிபாரிசுக்கு இடம் தரவில்லை. தேர்வாகாதவர்களிடம், "நீங்கள்தான் கண்காணிப்பாளர்கள், பணியாளர் வீட்டுக்கு வரவில்லை என்றால் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்றார்கள். நன்றாக வேலை செய்த ஊர்களை வானொலியில் பாராட்டினார்கள். மேற்பார்வைக்கு இருந்த செவிலியர்கள் மிரட்டாமல், கூட இருந்து கற்றுக்கொடுத்தார்கள்.

அரசு நியமித்த வேலைக்கு மேலும் அந்தப் பெண்கள் செய்தார்கள். கைக்குழந்தைக்காரியின் வீட்டு வேலையில் கைகொடுத்துக்கொண்டே மருத்துவம் பேசினார்கள். சில ஆண்டுகளில் தட்டம்மை, இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி 100 குழந்தைகளில் 25 பேருக்கு என்ற நிலையிலிருந்து 90 பேருக்கு என்று உயர்ந்தது. குழந்தை இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இதை ஆராய்ந்த ஜூடித் டெண்ட்லர் 1997-இல் எழுதிய நூலில், அதே மாநிலத்தின் வேளாண் விரிவாக்கப் பணியாளர்களைப் பற்றியும் எழுதினார். எல்லோருக்கும் ஒரே பாடம் சொன்ன இடங்களில் பலன் இல்லை. உழவர் குழுவின் ஒரு குறிப்பிட்ட சிக்கலை எடுத்து, அவர்களோடு சேர்ந்து தீர்த்த இடங்களில் விளைச்சல் உயர்ந்தது. ஊழியரை நம்புவதும் ஊரார் கண்காணிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும் என்பதே சியராவின் பாடம்.

அரசாணை தேவையில்லாத மாற்றங்கள்

காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், பயணப்படியைக் காலத்தோடு தர வேண்டும், ஒரே விவரத்தை நான்கு செயலிகளில் ஏற்றச் சொல்வதை நிறுத்த வேண்டும். இவை அரசு செய்ய வேண்டியவை, வலியுறுத்துகிறோம். ஆனால் இவற்றுக்குக் காத்திராமல் ஒரு வட்டார உதவி இயக்குநர் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு.

முதலாவது, வாராந்திரக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரம் வயலைப் பற்றி மட்டும் பேசுவது. இலக்கும் சாதனையும் பிறகு வரட்டும். இரண்டாவது, வாரத்தில் இரண்டு நாளைக் கள நாள் என்று அறிவித்து, அந்த நாளில் கூட்டமோ அவசர அறிக்கையோ கேட்காமல் இருப்பது. மாவட்டத்திலிருந்து நெருக்கினால், "இன்று என் ஆட்கள் வயலில் இருக்கிறார்கள், நாளை தருகிறேன்" என்று சொல்லும் துணிவு உதவி இயக்குநருக்கு வேண்டும். மூன்றாவது, மாதம் ஒரு நாளாவது களப்பணியாளரோடு தானும் வரப்பில் நடப்பது. குறை பிடிக்கப் போவதாக இல்லாமல், வேலை கற்றுக்கொடுக்கப் போவதாக அது இருக்க வேண்டும். நான்காவது, தவறியது எது என்று சொன்னவருக்கு மெமோ இல்லை, மறைத்தவருக்கே மெமோ என்று வெளிப்படையாகச் சொல்லி, அதைக் கடைப்பிடிப்பது. ஐந்தாவது, பெண் அலுவலர்கள் இன்று அதிகம். தொலைவான ஊருக்குப் போய்வரும் வசதி, விரிவாக்க மையங்களில் பயன்படுத்தத்தக்க கழிப்பறை போன்றவற்றைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கக் கூடாது. அவை இல்லாமல் கள நாள் கேட்பது நியாயமில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது, சோம்பலுக்கும் கையூட்டுக்கும் சாக்குத் தேடித் தருகிறோமா என்று உழவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மானியத்துக்குக் கை நீட்டுபவர் மீது நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும்; வேலைச் சுமை அதற்குக் காரணம் ஆகாது. ஆனால் பத்துப் பேரில் ஒருவர் செய்யும் தவறுக்காக ஒன்பது பேரையும் திருடர் போல நடத்தும் அலுவலகத்தில், அந்த ஒன்பது பேரும் மனம் விட்டுப்போகிறார்கள். அந்த ஒருவரோ எந்தப் படிவத்தையும் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்.

உழவர் பங்கு

நாமும் செய்ய வேண்டியது உண்டு. நம் ஊருக்குரிய உதவி வேளாண்மை அலுவலரின் பெயர் நமக்குத் தெரியுமா? மானியம் வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டால், அவரும் மானியக்காரர் ஆகத்தான் செய்வார். பயிரைப் பற்றிக் கேளுங்கள். பூச்சி விழுந்த தூரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். தெரியவில்லை என்று அவர் சொன்னால் கேலி செய்யாதீர்கள். விசாரித்து எப்போது சொல்வார் என்று நாள் கேளுங்கள். அவர் எந்தக் கிழமை வருவார் என்பதை நூலகத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ எழுதி வைக்கச் சொல்லுங்கள். அட்மா திட்டத்தில் வட்டார அளவில் உழவர் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. அது கூடுகிறதா, அதில் சிறு விவசாயிகளும் பெண்களும் இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஆட்சியர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் குறை சொல்வதில் நாம் வல்லவர்கள். நல்ல அலுவலர் ஒருவரின் பெயரையும் அங்கே எழுந்து சொல்லுங்கள். இன்ன ஊரில் இன்ன பயிரைக் காப்பாற்ற வழி சொன்னார் என்று விவரமாகச் சொல்லுங்கள். எத்தனை விதைப்பை கொடுத்தார் என்பது எல்லா அறிக்கையிலும் இருக்கிறது. எத்தனை வயலைக் காப்பாற்றினார் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது. அதைச் சொல்ல உழவரால்தான் முடியும். மேலே இருப்பவர்கள் எதற்குக் கணக்குக் கேட்க வேண்டும் என்பதையும் அந்தக் கூட்டத்தில்தான் நாம் கற்றுக்கொடுக்க முடியும்.